ஸ்ரீரங்கப்பட்டணம் யாருடைய ஊர்? – ஒரு கிருஷ்ணகிரிக்காரனின் பதில்

பர்கூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "குடும்பத்தோடு ஒரு நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் போகலாம் என்று இருக்கிறோம். கோவில், மசூதி, அரண்மனை எல்லாம் சேர்ந்து இருக்கும் ஊர், 'கலப்புப் பண்பாடு' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எது எதோடு கலந்தது? எதை அவசியம் பார்க்க வேண்டும்? நம் பக்கத்துக்கும் அந்த ஊருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? எந்த மாதம் போகலாம்?"

நான் கிருஷ்ணகிரி பழையபேட்டைக்காரன். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏழெட்டுத் தடவையாவது, மைசூருக்குப் பக்கத்தில் காவிரி நடுவே இருக்கும் அந்தத் தீவுக்குப் போயிருப்பேன். முதல் தடவை போனபோது கூட வந்த கைடு, கோட்டைக்குள் ஒரு படிக்கட்டைக் காட்டி, இந்தச் சுரங்கம் நேராக மைசூர் வரை போகிறது என்றார். ஒரு பையன், "சார், நம்ம மலையிலும் இப்படித்தானே சொல்லுவாங்க" என்று என் காதில் முணுமுணுத்தான். கோட்டை உள்ள ஊருக்கெல்லாம் ஒரு சுரங்கக் கதை இருக்கும் போல. சரி, கேள்விக்கு வருகிறேன். சம்பந்தம் உண்டா என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

கிருஷ்ணகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணில் படுவது சையத் பாஷா மலை. விஜயநகர காலத்தில் எழும்பிய கோட்டை, மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் பலப்படுத்திய மதில்கள், மேலே ஒரு தர்கா. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 நவம்பரில், கர்னல் மேக்ஸ்வெல் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி படையோடு வந்து இந்த மலையைத் தாக்கினார். அடிவாரப் பேட்டை அவர் கையில் விழுந்தது. மேல்கோட்டை விழவில்லை. ஏறப் பார்த்தவர்களைப் பாறைகளை உருட்டி விரட்டிவிட்டார்கள். ஆனால் நான்கே மாதத்தில், 1792 மார்ச் 18ஆம் தேதி, திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் திப்பு தன் ராஜ்யத்தில் சரிபாதியை விட்டுக்கொடுத்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம், இரண்டு மகன்கள் பிணை. விட்டுக்கொடுத்த நிலத்தில் பாராமகாலும் ஒன்று. அதாவது நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி, காவேரிப்பட்டணம், ராயக்கோட்டை எல்லாம். மேக்ஸ்வெல்லுக்குக் கிடைக்காத மலை, மார்ச் மாதம் ஒரு காகிதத்தில் கைமாறியது.

அதற்குப் பிறகு கேப்டன் அலெக்சாண்டர் ரீட் இங்கே வந்தார். அவர் கீழே உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. இருவரும் 1792 முதல் 1799 வரை பாராமகாலில் ஊர் ஊராக நிலத்தை அளந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல் உழுகிறவனிடம் நேராக வரி பேசும் முறையை உருவாக்கினார்கள். ரயத்துவாரி என்று பத்தாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் பட்டாவுக்குப் பூர்வீகம் தேடினால் அந்த ஒப்பந்தத்தில்தான் போய் நிற்கும். இதை விடப் பெரிய சம்பந்தம் வேண்டுமா? இன்னும் ஒன்று: 1767இல் கம்பெனியோடு முதல் போர் மூண்டபோது ஹைதர் அலி பாய்ந்து பிடித்த ஊர்களில் நம் காவேரிப்பட்டணமும் ஒன்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் யார் உட்கார்ந்தாலும் நம் பக்கத்துக் கோட்டைகளில் காவல் மாறும். அப்படித்தான் இருந்தது நிலைமை.

அப்புறம் ஆறு. காவிரி அங்கே இரண்டாகப் பிரிந்து, நீளவாக்கில் ஒரு தீவை அணைத்து, கிழக்கு முனையில் மறுபடி சேர்கிறது. தீவின் நீளம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அகலம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. சேர்ந்த நீர் திருமகூடலில் கபினியை வாங்கிக்கொண்டு, சிவனசமுத்திரத்தில் விழுந்து, மேகேதாட்டில் ஒடுங்கி, ஒகேனக்கல்லில் நம் பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்துக்கு வருகிறது. நம் ஆட்கள் ஒகேனக்கல்லில் குளிக்கும் தண்ணீர் ரங்கநாதர் காலடியை நனைத்து வந்த தண்ணீர்தான். வைணவர்கள் காவிரியில் மூன்று அரங்கம் சொல்வார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் ஆதிரங்கம், சிவனசமுத்திரம் மத்தியரங்கம், நம் திருச்சி ஸ்ரீரங்கம் அந்தியரங்கம். மூன்றும் ஆற்றுத் தீவுகள்.

தீவு என்பதை மறந்துவிட்டு இந்த ஊரைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. என் கட்சி இதுதான்: அங்கே கலந்ததற்குக் காரணம் யாருடைய பெருந்தன்மையும் இல்லை, இடநெருக்கடி. ஆறு காவல் காக்கும் அந்தக் கொஞ்சம் நிலத்தை விட்டால் அரசனுக்குப் பத்திரமான வேறு இடம் கிடையாது. வந்தவன் எவனும் முன்னால் இருந்தவனின் மதிலுக்குள்ளேயே, அவன் சாமிக்குப் பக்கத்திலேயே, அவனுடைய கணக்குப்பிள்ளையையும் கல்தச்சனையும் வைத்துக்கொண்டே குடியேற வேண்டியிருந்தது. ஆயிரம் வருஷம் இப்படியே போனால் கலக்காமல் என்ன செய்யும்?

கோவிலில் ஆரம்பியுங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது, மதியம் நடை சாத்திவிடுவார்கள். 894இல் திருமலையய்யா என்ற, கங்க அரசர்களுக்குக் கட்டுப்பட்ட ஒரு சிற்றரசர் எழுப்பிய கோவில் என்பது கணக்கு. அதற்குப் பிறகு ஹொய்சளர் சேர்த்தார்கள், விஜயநகரத்தார் சேர்த்தார்கள், மைசூர் உடையார்கள் சேர்த்தார்கள். நுழையும்போது தெரியும் கோபுரத்தைப் பார்த்தால் நம் ஊர்க் கோபுரம் மாதிரியே இருக்கும், அது விஜயநகர பாணி. உள்ளே போகப் போகத் தூண்கள் மாறும். கடைசல் பிடித்தது போல உருண்டு, வளையம் வளையமாகத் திரண்ட தூண்களைக் கண்டால் அங்கே ஹொய்சள வாசனை அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பேளூர், ஹளேபீடு போனவர்கள் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். முன்புறம் இரண்டு தூண்களில் திருமாலின் 24 வடிவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், கால் மணி நேரம் சத்தமில்லாமல் இருப்பார்கள்.

கருவறையில் பெருமாள் பாம்பணையில் பள்ளிகொண்டிருக்கிறார். காலடியைக் கவனியுங்கள். அங்கே இருப்பவள் காவிரித் தாய். ஆற்று நடுவில் கிடப்பவருக்கு ஆற்றைத் தவிர வேறு யார் கால்பிடிக்க வேண்டும் என்று யோசித்திருப்பார்கள் போல.

இந்தக் கோவிலின் வெள்ளிப் பாத்திரங்களைப் பற்றி ஒரு சேதி. ஏழு வெள்ளிக் கிண்ணங்களிலும் ஒரு கற்பூரத் தட்டிலும் அவை திப்பு சுல்தான் கொடுத்தவை என்று பொறித்திருப்பதைக் கல்வெட்டுத் துறை பதிவு செய்திருக்கிறது. திப்புவின் அரண்மனைக்கும் இந்தக் கோவிலுக்கும் நடுவே இருந்தது நடந்து போகும் தூரம்தான். காலை மணியும் பாங்கும் ஒரே காற்றில் வரும் தூரம். கோவிலை ஒட்டியே மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் பிறந்த இடத்தையும் அடையாளம் செய்து வைத்திருக்கிறார்கள். ஹைதர் 1761இல் அதிகாரத்தைக் கையில் எடுத்த பிறகும் உடையார் குடும்பம் அதே கோட்டைக்குள்தான் இருந்தது, தசராவும் நடந்தது. அந்த தசராவே இந்த ஊரில் பிறந்ததுதான். 1610இல் ராஜ உடையார் விஜயநகரப் பிரதிநிதியிடமிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்து, அந்த வருஷமே இங்கே தசரா கொண்டாடத் தொடங்கினார். மைசூருக்கு அது போனது 1799க்குப் பிறகு.

இப்படி எழுதிக்கொண்டே போனால் எல்லாரும் கைகோத்து வாழ்ந்த சொர்க்கம் என்று தோன்றும். அப்படியும் இல்லை. கோட்டையைப் பற்றி ஒரு பழைய செய்தி உண்டு: 1454இல் நாகமங்கலத்துத் தலைவர் திம்மண்ணர் விஜயநகர அரசரின் அனுமதியோடு இந்தக் கோட்டையைக் கட்டினார், ரங்கநாதர் கோவிலைப் பெரிதாக்கினார், அதற்குக் கல் எடுத்தது பக்கத்தில் களசவாடி என்ற ஊரிலிருந்த 101 சமணக் கோவில்களைப் பிரித்து. 101 என்பது மரபாகச் சொல்லும் எண்ணாக இருக்கலாம். ஆனால் ஒருவர் கோவில் கல் இன்னொருவர் கோவிலுக்கு ஏறியது என்ற நினைவு அந்த மண்ணிலேயே இருக்கிறது. அதே மாதிரி, மசூதி நிற்கும் இடத்தில் முன்பு ஆஞ்சநேயர் கோவில் இருந்தது என்ற வாதம் இன்று வரை நடக்கிறது. திப்பு ரங்கநாதருக்கு வெள்ளி கொடுத்தார், 1791இல் மராட்டியப் படையிடம் கொள்ளை போன சிருங்கேரி மடத்துக்குப் பண உதவி செய்து கன்னடத்தில் கடிதங்கள் எழுதினார். குடகிலும் மலபாரிலும் அவர் படை நடந்துகொண்டது வேறு கதை. இரண்டும் ஒரே ஆள்தான். ஒரு பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களிடம் நான் வாதம் செய்வதை விட்டு வருஷமாகிறது.

மசூதிக்கு வருவோம். கோட்டையின் பெங்களூரு வாசல் பக்கம், தூரத்திலிருந்தே இரண்டு மினார்கள் தெரியும். மஸ்ஜிதே ஆலா என்று பெயர், 1787 வாக்கில் திப்பு கட்டியது. எட்டுப் பட்டை மினார்களில் வரிசையாகச் சின்னச் சின்ன மாடங்கள் வைத்திருக்கிறார்கள், புறாக்களுக்காக. புறாக்கள் இன்னும் இருக்கின்றன. டெல்லி, ஆக்ராவில் பார்ப்பது போல மசூதி பெரிய கும்மட்டத்தோடு இருக்கும் என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். தொழுகைக் கூடம் உயர்ந்த மேடை மேல் இருக்கிறது. மேலே தட்டையான கூரை. மினாரும் கூடமும் சுண்ணாம்புச் சாந்தில் இழைத்த பூவேலையோடு தக்காணத்து ஜாடையில் இருக்கின்றன. பிஜாப்பூர், கோல்கொண்டா வழியாகத் தெற்கே வந்த பாணி அது. நம் கிருஷ்ணகிரியில் உருது பேசும் குடும்பங்களின் பேச்சும் இதே வழியில் வந்த தக்கனி. கட்டிடமும் மொழியும் ஒரே குதிரையில் வந்தவை என்று வகுப்பில் சொல்லுவேன்.

ஒரு நாளில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் தரியா தவுலத்துக்குத்தான் அனுப்புவேன். கோட்டைக்கு வெளியே, ஆற்றை ஒட்டிய தோட்டத்துக்குள் இருக்கிறது. 1784இல் திப்பு முடித்த கோடை மாளிகை. பெயருக்கு 'கடலின் செல்வம்' என்று பொருள். வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். வெயில் படாமல் சுற்றிலும் பச்சைத் திரை கட்டி, ஏதோ மூடிக்கிடக்கும் சத்திரம் மாதிரி நிற்கும். திரைக்கு உள்ளே காலை வைத்த பிறகுதான் விஷயம். தேக்குத் தூண், தேக்குக் கூரை, தூண்களுக்கு நடுவே இதழ் இதழாக வெட்டிய வளைவுகள். சுவரில் உள்ளங்கை அளவுகூடக் காலி இடம் கிடையாது, தரையிலிருந்து கூரை வரை பூவும் கொடியும் ஓவியமும்தான்.

மேற்குச் சுவரில் ஒரு போர். 1780 செப்டம்பர் 10, ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை நொறுக்கிய பொள்ளிலூர்ச் சண்டை. பொள்ளிலூர் என்றால் எங்கேயோ இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூர். மகேந்திரவர்ம பல்லவன் எதிரிகளை வென்றதாகச் செப்பேடு சொல்லுகிற அதே புள்ளலூர். ஓவியத்தின் நடுவே சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து நெருங்கி நிற்கிறார்கள். அதற்குள் பல்லக்கில் காயத்தோடு பெய்லி, விரலைக் கடித்தபடி. பக்கத்தில் வெடிமருந்து வண்டி ஒன்று தீப்பற்றி வெடிக்கிறது. சுற்றிலும் மைசூர்க் குதிரைகள், அலை மாதிரி. நன்றாகக் கவனித்தால் யார் முகத்திலும் நிழல் கிடையாது, தூரத்தில் இருப்பவனும் பக்கத்தில் இருப்பவனும் ஒரே அளவு. நம் கோவில் மண்டப விதானங்களில் ராமாயணம் வரைந்திருப்பார்களே, அந்த மாதிரிக் கதை சொல்லும் கைதான் இதுவும். பொருள் சுல்தானின் வெற்றி, தாடியும் தலைப்பாகையும் தக்காணத்து வழக்கம், வரைந்த விரல்களின் பழக்கம் உள்ளூர்ச் சுவரோவியப் பழக்கம். கலப்பு என்றால் எனக்கு நினைவுக்கு வருவது கோபுரமும் மினாரும் ஒரே போட்டோவில் விழுவது இல்லை, இந்தச் சுவர்.

இன்னொரு மூலையில் உதவிக்கு வருவதாகச் சொல்லி நேரம் கடந்து வந்த ஹைதராபாத் நிஜாமைக் கிண்டல் செய்திருக்கிறார்கள். அவர் அருகே ஒரு பன்றியும் ஒரு பசுவும். பன்றி மாதிரிப் பாய்ந்து வந்து பசு மாதிரித் திரும்பிப் போனார் என்று கைடுகள் சொல்லுவார்கள். கிழக்குச் சுவரில் அந்தக் காலத்து ராஜாக்களின் தர்பார்கள் வரிசையாக இருக்கின்றன. தஞ்சாவூர் ராஜா, சித்தூர் ராணி, சித்திரதுர்க்கத்து மதகரி நாயக்கர், மாகடி கெம்பேகவுடா என்று போகிறது. தஞ்சாவூர்க்காரரைத் தேடிக் கண்டுபிடிப்பது என் மாணவர்களுக்கு ஒரு போட்டி.

இந்த ஓவியங்கள் தப்பிப் பிழைத்ததே ஒரு விசித்திரம். 1799 முற்றுகைக்கு முன்பு பொள்ளிலூர்ச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். அடுத்து அந்த மாளிகையில் குடியிருந்தவர் கர்னல் ஆர்தர் வெல்லஸ்லி, பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். தன் நாட்டுப் படை தோற்றுப்போன காட்சியை அவரே திரும்பத் தீட்டச் சொன்னார். அதுவும் மங்கிப்போக, 1855இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு வந்து பார்த்துவிட்டு மறுபடி வரையச் செய்தார். ஆக நாம் பார்ப்பது திப்புவின் ஓவியத்தை வெள்ளைக்காரன் செலவில் உள்ளூர் ஓவியர் நினைவிலிருந்து புதுப்பித்தது. எது அசல் என்று கேட்டால் நான் தலையைச் சொறிவேன்.

தீவின் கிழக்கே கும்பஸ். ஹைதர் 1782 டிசம்பரில், சித்தூர்ப் பக்கம் பாசறையில் இறந்தார். உடலை முதலில் கோலாரில் வைத்திருந்து பிறகு இங்கே கொண்டுவந்தார்கள். திப்பு 1784க்குள் கல்லறை மாளிகையை முடித்தார். நடுவில் ஹைதர், ஒரு பக்கம் அவர் மனைவி பக்ருன்னிசா, இன்னொரு பக்கம் பிறகு வந்து சேர்ந்த திப்பு. உள்சுவரில் திப்புவுக்குப் பிடித்த புலிவரி. கதவுகளில் தந்தம் பதித்திருக்கிறார்கள், அவை டல்ஹவுசி கொடுத்தவை. சுற்றுத் தாழ்வாரத்தில் 36 கருங்கல் தூண்கள். கருங்கல் என்று எழுதினால் நம் ஊர்க் கிரானைட் குவாரிக் கல்லை நினைப்பீர்கள். இது மை மாதிரிக் கறுப்பு, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. மதியம் இரண்டு மணி வெயிலில் கையை வைத்தாலும் சில்லென்று இருக்கும், முகம் தெரியும். பிள்ளைகள் அதில் தலை வாருவார்கள், நானும் ஒருமுறை வாரியிருக்கிறேன். மேலே குவிமாடம் கோல்கொண்டா ஜாடை. ஆனால் கறுப்புக் கல்லைக் கண்ணாடியாக்கும் இந்த வித்தை, காலையில் கோவில்களில் பார்த்துவிட்டு வரும் என் கண்ணுக்குக் கன்னட நாட்டுத் தூண்களைத்தான் நினைவுபடுத்தும். திப்பு என்ற பெயரே நம் பக்கத்தது, தெரியுமா? ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் நினைவாக வைத்த பெயர்.

1799க்குப் பிந்தையதை வேகமாகச் சொல்கிறேன். மே 4ஆம் தேதி மதியம் கோட்டை விழுந்தது. திப்புவின் உடலை மாலையில் ஒரு வாசல் பக்கத்துப் பிணக்குவியலில் கண்டெடுத்தார்கள், அந்த இடத்தில் ஒரு கல் நிற்கிறது. மறுநாள் கும்பஸில் அடக்கம் நடந்த மாலை இடி மின்னலோடு மழை கொட்டியது என்று எதிரிப் படை அதிகாரிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். கோட்டைக்குள் இருந்த லால் மகால் அரண்மனை இன்று அடித்தளம் மட்டும்தான். அதன் மரங்கள் எங்கே என்று கேட்டால் ஊட்டிக்குப் போக வேண்டும். 1830 வாக்கில் கட்டிய செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள் திப்புவின் அரண்மனையிலிருந்து போனவை. களசவாடிக் கல் ரங்கநாதருக்கு வந்தது போல, சுல்தானின் தேக்கு ஏசுவுக்குப் போயிற்று.

வடக்குக் கிளையின் மேல் இருக்கும் பழைய கல்பாலத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை. எனக்கு அது பிடிக்கும். 1804இல் திவான் பூர்ணய்யா கட்டி, அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த வெல்லஸ்லி (ஆர்தரின் அண்ணன்) பெயரை வைத்தார். வெள்ளைக்காரர் பெயர்தானே, வளைவு வைத்துக் கட்டியிருப்பார்கள் என்று எதிர்பார்ப்போம். ஒரு வளைவுகூட இல்லை. கல்தூண், அதன் தலையில் போதிகை, அதன் மேல் கல் உத்தரம். கோவில் மண்டபம் கட்டத் தெரிந்தவன் ஆற்றின் மேல் ஒரு நீண்ட மண்டபம் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. பூர்ணய்யாவும் அந்தப் பாலம் மாதிரிதான்: பிராமணர், ஹைதரிடம் கணக்கு, திப்புவிடம் அமைச்சர், திப்பு விழுந்த பிறகு ஐந்து வயது உடையார் ராஜாவுக்கு திவான். மூன்று ஆட்சி மாறியும் கணக்குப் புத்தகம் ஒரே கையில் இருந்தது. திப்பு காலத்துக் கணக்கே பாரசீகம், கன்னடம், மராத்தி என்று மூன்று மொழியில் நடந்ததுதான். ஓசூர் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கிலும் பேரம் பேசும் கடைக்காரரைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

வெள்ளைக்காரன் மட்டும் அங்கே நிலைக்கவில்லை. கொசுவும் காய்ச்சலும் அவன் பட்டாளத்தைத் தின்றுவிட்டன. ஆற்றோரத்தில் ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, டி மியூரான் என்ற சுவிஸ் கூலிப்படையின் அதிகாரிகளும் அங்கே கிடக்கிறார்கள். பட்டாளம் 1809இல் பெங்களூருக்கு நகர்ந்தது, பெங்களூரு கன்டோன்மென்ட் அப்படி வந்ததுதான். நம் பிள்ளைகள் பாதிப் பேர் இன்று வேலைக்குப் போகும் பெங்களூரு வளர்ந்ததில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கொசுவுக்கும் பங்கு உண்டு. கஞ்சாம் பகுதியில் பிரெஞ்சுப் பாதிரியார் ஆபே துபுவா 1800 வாக்கில் எழுப்பிய தேவாலயத்தை நேரம் இருந்தால் பாருங்கள்.

பயண விவரம். பர்கூரிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால், ஓசூர் தாண்டி நைஸ் ரோடு பிடித்து, பெங்களூரு நெரிசலுக்குள் மாட்டாமல் மைசூரு சாலைக்குப் போய்விடலாம். 2023இல் திறந்த எக்ஸ்பிரஸ்வே ஊர்களைத் தொடாமல் போகிறது, அதனால் மத்தூர் வடை கிடைக்காது. வடை வேண்டுமென்றால் பழைய சாலையில் இறங்க வேண்டும். நம் போச்சம்பள்ளிப் பக்கத்து மத்தூர் இல்லை, இது மண்டியா மாவட்டத்து மத்தூர். காலையில் கோவில், மசூதி, கோட்டைக்குள் மற்றவை. மதியம் தரியா தவுலத், அங்கே நிழல் இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் கும்பஸ். மாலையில் சங்கம், அதாவது ஆற்றின் இரண்டு கிளையும் மறுபடி கூடும் கிழக்கு முனை. இதே வரிசையில் போனால் தீவின் மேற்கிலிருந்து கிழக்கே, ஆறு போகும் திசையிலேயே போவீர்கள்.

சங்கத்தில் பரிசல் ஓட்டுவார்கள். நம் ஒகேனக்கல் பரிசலேதான், அங்கே ஹரிகோலு என்பார்கள். தமிழில் 'ப' வருகிற இடத்தில் கன்னடத்தில் 'ஹ' வரும்: பால் ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு. புகை ஹொகெ ஆகிறது. ஒகேனக்கல் என்ற பெயரே அந்த ஹொகெ, புகையும் கல். பரிசலில் உட்கார்ந்து இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், கரை வருவதற்குள் பத்து வார்த்தை கண்டுபிடித்துவிடுவார்கள்.

எந்த மாதம் என்பது கடைசிக் கேள்வி. எல்லாரும் அக்டோபர், நவம்பர் என்பார்கள். பச்சையாக இருக்கும், காற்று நன்றாக இருக்கும், தசரா கூட்டமும் இருக்கும். நான் ஏப்ரல் கடைசியில் அல்லது மே முதல் வாரத்தில் ஒரு தடவையாவது போகச் சொல்லுவேன். 1791 மே மாதம் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் படையோடு இந்தத் தீவுக்கு எதிரே வந்து நின்று, மழை பிடித்துக்கொண்டு, வண்டி மாடுகள் பட்டினியில் செத்து விழ, பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அதே பாடத்தை வைத்துத்தான் 1799இல் கம்பெனிப் படைத்தலைவர் ஜெனரல் ஹாரிஸ் மழைக்கு முன் முடிக்கத் துடித்தார். மே முதல் வாரத்தில் மேற்கு மூலையில், ஹாரிஸின் பீரங்கிகள் மதிலை உடைத்த இடத்தில் நின்று கீழே பாருங்கள். பாறை பாறையாக வெளியே தெரியும், நடுவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். எதிர்க்கரையிலிருந்து ஓடிவந்தால் பத்து நிமிஷம்கூட ஆகாது. அந்தக் காலத்தில் மழை பிடித்துவிட்டால் அதே இடம் யாரும் கால் வைக்க முடியாத ஆறு. தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மதிலில் நிழல் கிடையாது.